டேப்பு தொங்காத இடம்

என் செல்ல அப்பாவுக்கு,

அடிக்க ஆளில்லாத தைரியத்தில் எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம், இது கேலியில்லை.

உங்க கழுத்து கறுத்தபோது முதலில் சிரிச்சவன் நான்தானே? பிடரியில் கன்னங்கரேலென்று, தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி தடிச்சுக் கிடந்தது. நீங்க நம்ம தையல் கடையில் குனிஞ்சு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தீங்க. எலெக்சன் சமயம். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் உங்க கழுத்தில் ‘நோட்டீஸ் ஒட்டாதே’ என்று எழுதினேன். சிலேட்டில் எழுதினது போல் பளிச்சென்று விழுந்தது. கோட்டாறு கடைத்தெருவே சிரிச்சது. “ஏலே, உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு” என்று நீங்களும் சிரிச்சீங்க. ஏன் கறுத்தது என்று ஒருத்தரும் கேக்கல்ல.

அம்மாதான் காரணம் கண்டுபிடிச்சா. “நாள் முழுக்க அந்த டேப்பைக் கழுத்துல தொங்கப்போட்டா கறுக்காம என்ன செய்யும்?” பயத்தமாவு பூசித் தேங்காய்நாரால் தேய்ச்சா. நீங்க புது டேப்பு வாங்கி, அதை ஆணியில் தொங்கவிட்டீங்க. ஊருக்கே அளவெடுக்கிற தையல்காரர் செய்துகொண்ட வைத்தியம்!

கிணற்றடியில் நீங்க குளிக்கும்போது கக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே கறுப்பு. அங்கே எந்த டேப்பு தொங்கியது அப்பா? எனக்குத் தோணிச்சு. சொல்லல்ல. அதையும் கேலியாக்க ஒரு நல்ல வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன்.

பிறகு தொளதொளத்துப்போன உங்க சட்டையை நீங்களே ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சீங்க. பாதிச் சோற்றில் எழுந்தீங்க. பெரியாஸ்பத்திரி டாக்டர் காலரை விலக்கிப் பார்த்ததும் கேட்டது, “இது எப்ப முதல்?” வயிற்றுக்குள் புற்று. “எல்லாக் கறுப்பும் இப்படி இல்லை. திடீர்னு வந்தா காட்டணும்” என்றார். தோல் மாசக்கணக்காச் சொல்லியிருக்கு. நாம் நாரால் தேய்ச்சு அதன் வாயை அடைச்சோம்.

நீங்க போய்ச் சேர்ந்தபிறகு மாமா உங்க மிஷினில் உட்காருகிறார். அளவெடுப்பது நான். நேற்று கடியப்பட்டணத்து மீன் வியாபாரி அண்ணாச்சி சட்டைத் துணியோடு வந்தார். கழுத்தில் அதே கறுப்பு.

“எப்ப முதல் அண்ணாச்சி?”

“உப்புக் காத்துடே மக்கா. நீ தையக்காரனா, வைத்தியனா?”

“கக்கத்துலயும் உப்புக் காத்தா அடிக்கு?”

அவர் சட்டென்று கையை உடம்போடு ஒட்டிக்கொண்டார். அவர் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிட்டேன். டாக்டரிடம் காட்டிட்டு வந்தால்தான் சட்டை. மகளுக்குக் கல்யாணமாம், கத்திட்டுப் போனார். வந்த கிராக்கியை விரட்டுறியே என்று மாமாவும் ஏசினார். தரமாட்டேன்.

ஆணியில் கிடந்த டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டிருக்கேன். அது கறுக்க வைக்காதென்று அம்மா தினமும் பார்க்கட்டும். இனி ஒரு கழுத்தையும் பார்த்துச் சிரிக்கமாட்டேன் அப்பா. பார்க்காமலும் விடமாட்டேன்.

உங்க கழுத்தில் எழுதின அதே கையால்,
உங்க மகன்