டிக்கியில் மீன் இருந்தது

ஜூலை 9, 2025 – புதன்

மாதத் தேர்வு முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள் கட்டுகளைக் காரில் வைக்கலாமென்று சாவியை அமுக்கினேன். டிக்கி பாதி வரை எழும்பி நின்றது. கீச் கீச்சென்று கத்தியது. பிறகு தானாகவே கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. தலையை இழுத்துக்கொள்ளாவிட்டால் நெற்றி வீங்கியிருக்கும். கையால் தூக்கினாலும் வராது, மோட்டார் பிடித்துக்கொள்கிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விரலால் தொட்டால் போதும், தானே திறக்கும் என்று விற்கும்போது எவ்வளவு பெருமை அடித்தார்கள்!

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "ஒருதடவ ரீசெட் பண்ணிப் பாருங்க மேடம்." செய்தேன். திறந்தது. சரி.

ஜூலை 11 – வெள்ளி

திறக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து அமுக்கினால் திறக்கிறது. என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறது இது?

ஜூலை 13 – ஞாயிறு

நாகப்பட்டினம் போய் வந்தோம். தம்பி காயாரோகணம் தன் படகில் பிடித்து வந்ததில் நல்லதாகப் பார்த்துக் கொடுவா மீனும் நண்டும் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டியை டேப் சுற்றி டிக்கியில் வைத்தான். நான் கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்த நாளிலிருந்து நடப்பதுதான் இது. முன்பு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன், இப்போது கார்.

வீட்டுக்கு வந்தால் டிக்கி திறக்கவில்லை. நல்ல உச்சி வெயில். உள்ளே மீன். ரீசெட்டும் செய்தாயிற்று, சாவி, பொத்தான், போன் எல்லாவற்றிலும் அமுக்கியாயிற்று. கடைசியில் பின்சீட்டை மடக்கிப் போட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, நானே தவழ்ந்து உள்ளே போனேன். கதவின் உட்பக்கம் ஒரு சின்ன மூடி. அதைப் பெயர்த்தால் லிவர் இருக்கிறது. இழுத்துத் திறந்தேன். வெளியே பார்த்தால் அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

"என்ன டீச்சர் உள்ள?" என்று மூன்றாம் மாடி பூர்ணிமா கேட்டாள்.

"மீன்" என்றேன்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. ஓர் அடி பின்னால் போனாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அரவிந்தன் யார் வீட்டுக் காரோ என்பதுபோல் தூணருகே நின்றிருந்தார்.

பெட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நானே தடவிப் பார்த்தேன்.

ஜூலை 15 – செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுக் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ராஜராஜன் என்று ஒரு அட்வைசர். நான் பாடம் நடத்திய பெண்களின் வயதுதான் இருக்கும்.

"கடைசியா டிக்கில என்ன வச்சீங்க மேடம்?"

மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன்.

பொத்தானை அமுக்கினான். சனியன், அவனுக்கு மட்டும் ஒழுங்காகத் திறந்தது. உள்ளே குனிந்தான். மோந்து பார்த்தான். ஆமாம், மோந்துதான் பார்த்தான்! ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. போய் உட்கார்ந்து டைப் அடித்தான்.

"மீன் தண்ணி சென்சார்ல எறங்கியிருக்கு மேடம். உப்பு அரிச்சிருக்கும். வாரண்டில வராது, முழு யூனிட்டும் மாத்தணும்."

"எந்த சென்சார்? காட்டுங்க."

"அது உள்ள இருக்கு."

"கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டவே வேணாம் மேடம். அதான் வாடை வருதே."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கையில் கொடுத்த தாளில் 'மீன் ஏற்றியதால் பழுது' என்று இருந்தது. போன புதன்கிழமை முதலில் மக்கர் செய்தபோது உள்ளே மீன் இல்லை, விடைத்தாள்தான் வைக்கப் போனேன் என்று சொன்னேன். கேட்டால்தானே! கையெழுத்துப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னால் அரவிந்தன் கேட்டதுதான் கேள்வி. "நீ ஏன் மீனுன்னு சொன்ன? ஏதோ சாமானுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷமா முள்ளு ஒதுக்கித் தின்ன வாய்தானே அது? வலங்கைமான்லேருந்து உங்க அப்பா அரிசி மூட்டை அனுப்புறாங்க, அதே டிக்கியில, தவிடு கொட்டிக்கிட்டு வருது. அத எவனாச்சும் மோந்து பாத்தானா? வயல்ல வெளஞ்சா சாமான், கடல்ல புடிச்சா குத்தமா?

ஜூலை 17 – வியாழன்

ஆத்திரத்தில் நேற்று எல்லாவற்றையும் தம்பி காயாவிடம் போனில் கொட்டியிருந்தேன். அது என் புத்திகெட்டதனம். இன்று அவனே கூப்பிட்டான்.

"அக்கா, இனிமே பஸ்ல போட்டு வுடுறேன். நம்மளால ஒன் வண்டி வீணாப் போவ வாணாம்."

"டேய், மீனால ஒண்ணும் ஆவலடா."

"இருக்கட்டும்க்கா. அவங்க படிச்சவங்க, சொல்றாங்கல்ல."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுகிறான். நான் படிக்கவில்லையா? நான் யாரு?

ஜூலை 20 – ஞாயிறு

நாகப்பட்டினம் போகவில்லை. 'அவங்க சொல்றாங்கல்ல' என்பது காதிலேயே நின்றது. சரி, அவர்கள் சோதிக்காததை நான் சோதிக்கிறேன்.

சாவிக்குப் புது பேட்டரி போட்டேன். அதே கதைதான். நிழலில் நிறுத்தினேன், வெயிலில் நிறுத்தினேன். இரண்டிலும் சில தரம் திறக்கிறது, சில தரம் நிற்கிறது. சூடு காரணமில்லை. டிக்கியைச் சுத்தமாகக் காலி செய்தேன். பாரமும் இல்லை. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சுக்காகக் காய்ந்து கிடக்கிறது. உப்பாம், உப்பு!

பிறகுதான் கவனித்தேன். நிற்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்தில் எது மாறுகிறது? மேலே, கூரையும் கதவும் சேரும் கீலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். அதற்குள்தான் ஒயர்கள் கதவுக்குப் போகின்றன. கதவு எழும்பினால் குழாய் மடங்குகிறது. குழாய் மடங்கும் உயரமும் டிக்கி நிற்கும் உயரமும் ஒன்று!

அரவிந்தனைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். குழாயை நான் சற்றே வளைத்துப் பிடித்தேன். டிக்கி முழுதும் திறந்தது. கையை எடுத்தேன். நின்றது. பிடித்தேன், திறந்தது. மறுபடி, மறுபடி. உள்ளே ஒரு ஒயர் அறுந்து தொட்டும் தொடாமலும் இருக்கிறது. வேறொன்றுமில்லை.

"அப்ப மீன் இல்லையா?" என்றார்.

"நீங்களும் அதத்தான் நம்பிக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 21 – திங்கள்

வகுப்பில் எதற்கோ ஒரு பெண்ணிடம் கத்திவிட்டேன். பாவம். கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போகவேண்டும்.

ஜூலை 24 – வியாழன்

போனது.

சர்வீஸ் சென்டரில் ராஜராஜனிடம் பேசவில்லை, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். காரருகே நிற்கவைத்தேன். குழாயைப் பிடித்துத் திறந்து காட்டினேன், விட்டு நிறுத்திக் காட்டினேன். கஸ்டமர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூடட்டும்.

"பெட்டி இருந்தது கீழ. ஒயர் இருக்கிறது மேல, கூரைகிட்ட. சிந்தாத தண்ணி சிந்துச்சுன்னே வச்சுக்குவோம். அது எப்படி சார் மேல ஏறுச்சு? எங்க ஸ்கூல் ஆறாங் கிளாஸ் புள்ளகிட்ட கேட்டுட்டு வரட்டுமா?"

ஒருவன் ஸ்க்ரூட்ரைவர் கொண்டுவந்து குழாயைக் கழற்றினான். ஒயர் அறுந்து செம்பு தெரிந்தது. ஈரம் இல்லை, களிம்பு இல்லை. மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி மேடம். இந்த ஒருதடவ நாங்களே ஃப்ரீயா பண்ணிக் குடுத்துடறோம்."

"நீங்க ஒண்ணும் தானம் பண்ண வேணாம். வாரண்டியில பண்ணுங்க. ஒயர் அறுந்ததாலதான் பழுதுன்னு எழுதுங்க. மீனுன்னு எழுதுனத எடுங்க."

"அது ஒரு ரிமார்க்தான் மேடம்..."

"எடுங்க."

எடுத்தார்கள். புதுத் தாள் கொடுத்தார்கள். 'மன்னிச்சுக்கங்க' என்று ஒரு வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரவில்லை.

ஜூலை 26 – சனி

கார் தயார் என்று போன். நானும் வருகிறேன் என்று அரவிந்தனும் கிளம்பினார். நான் கூப்பிடவில்லை.

ராஜராஜன் சாவியை என்னிடம் தரவில்லை, அவரிடம் நீட்டினான். "சார், எதுக்கும் இனிமே மீன் மட்டும் ஏத்தாம பாத்துக்கங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அரவிந்தன் பேசிவிட்டார். குரலே உயரவில்லை.

"தம்பி, மீன் ஏத்துவோம். என் மச்சினன் புடிக்கிற மீனு, எங்க வீட்டுக்கு வர்ற மீனு. நாளைக்கே போறோம். சாவிய அவங்ககிட்ட குடுங்க, வண்டி அவங்களது."

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். ஏன் மீனென்று சொன்னாய் என்று அன்றைக்குக் கேட்டதற்கு அவர் சமாதானம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கோபம் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார முடிந்தது.

ஜூலை 27 – ஞாயிறு

நாகப்பட்டினம். காயா பெட்டியைக் கொண்டுவந்தான். டேப்புக்கு மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் தார்ப்பாய், அதற்கு மேல் கயிறு. காருக்குச் சற்றுத் தள்ளியே தரையில் வைத்துவிட்டு நின்றான்.

"பஸ் ஸ்டாண்டுல குடுத்துடறேன் அத்தான். கண்டக்டர் தெரிஞ்சவருதான்."

"பஸ் எதுக்கு?" அரவிந்தன் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாயையும் தாளையும் உருவி ஓரமாகப் போட்டார். "கனமா இருக்கு மாப்ள, ஒரு கை புடி."

டிக்கி முழுதும் திறந்து நின்றது. காயா வந்தான். காரைத் தொடுமுன் கைகளை லுங்கியில் அழுந்தத் துடைத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது. யாரைத் திட்டுவது?

பெட்டி உள்ளே போனது. மூடும் பொத்தானை நான் அமுக்கவில்லை.

"நீ அமுக்குடா."

தயங்கினான். பிறகு அமுக்கினான். கதவு சத்தமில்லாமல் இறங்கி மூடியது. "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து திறக்கும்போது பார்த்தேன். காயா அமுக்கிய பொத்தானில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அரவிந்தனும் பார்த்தார். இருவருமே துடைக்கவில்லை.