பூஜையில் வைத்த லேப்டாப்

பெரியநாயக்கன்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரத்யுஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். கௌஹாத்தியில் மழை விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. பட்டறை சுமாராக ஓடுகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் பேனா எடுத்தேன்.

ஜெர்மனியில் அந்தப் பேராசிரியை அல்ஜீப்ரா ஆராய்ச்சிக்கு உன்னை மறுபடியும் கூப்பிட்டாங்களாமே, ரெண்டு வருசத்துக்கு. அன்னைக்கே சாமி வேண்டாம்னு தடுத்துருச்சு, இனி எதுக்குங்கம்மா என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு.

ஒன்பது வருசத்துக்கு முந்தின சரஸ்வதி பூஜை. உன் லேப்டாப்பைப் புத்தகங்களோடு அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். ஜெர்மனிக்கு, அதே பேராசிரியைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அதற்குள் இருந்தது. பத்து நிமிசம் எடுத்துக்கட்டுங்களாப்பா என்று கேட்டாய். பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லிப்போட்டேன். நீயும் அதைத் தொடவில்லை.

அன்றுதான் கடைசி நாள் என்று எனக்குத் தெரியும். உன் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அந்தப் புதன்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நீ வெளிநாடு போய்விட்டால் வரன் அமையாது, திரும்பியும் வரமாட்டாய் என்று பயந்துபோட்டேன். கடைசியில் அந்த இடமும் தட்டிப்போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் பம்ப் கம்பெனிக்காரர் அவசரம் என்றதும், பொட்டு வைத்து மாலை போட்டிருந்த லேத் மெஷினை நானே ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். பட்டறைக்கு ஒரு சாமி, உனக்கு ஒரு சாமி என்று நடந்துகொண்டேன். இப்போது எழுதவே கூசுகிறது.

அதற்கப்புறம், கௌஹாத்திக்குப் போகும் வரைக்கும் ஆறு வருசம் இங்கே காலேஜில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாய். உன் கட்டுரை வந்த புத்தகத்தில் உன் பேரைத் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அல்ஜீப்ராவில் ஏதோ வளையம் என்பாயே, வளையம் என்றால் பம்புக்குப் போடுவதுதான் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு வருசம் என்னால் போனதென்று நன்றாகப் புரிகிறது.

அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. நீ சொன்னாலும் சரிதான்.

அன்றைக்கு உன்னைத் தடுத்தது நான்தான் கண்ணு. சாமியை நினைத்து நீ நின்றுவிடாதே. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வருகிறேன் என்று அந்தப் பேராசிரியைக்கு இன்றைக்கே எழுதிப்போடு. இந்தத் தடவை என்னைக் கேட்காதே அம்மணி.

நல்லா இரு.

உன் அப்பா,
தம்பிதுரை