ஜும்மாவுக்குப் பூட்டிய கடை

14-3-2003, வெள்ளி

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். நடைபாதைக் கடைக்காரர்களான எங்களைப் புது வளாகத்துக்கு மாற்றிய பிறகு இதுதான் முதல் வெள்ளி. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது பழக்கத்தில், "செல்வி, கடையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. எதிர்க்கடைக்காரன் சிரித்தான். எரிச்சலோடு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

கடை ஒதுக்கிய குலுக்கலில் செல்வியின் பூக்கடைக்குக் கடைசி வரிசை விழுந்துவிட்டது. நடைபாதையில் என் பெல்ட், பர்ஸ் விரித்த தார்ப்பாயும் அவள் பூக்கூடையும் ஒட்டியே இருக்கும். நான் தொழுதுவிட்டு வருவதற்குள் ஒரு பெல்ட்டாவது விற்று வைத்திருப்பாள். மாலை முழுக்க என் சரக்கில் மல்லி வாசனை வீசும். இப்போது ரெக்சின் நாற்றம் மட்டும்தான்.

சாயங்காலம் அவள் கடைக்குப் போனேன்.

"இன்னா பாய், இந்தப் பக்கம்?"

"தொழப் போனா கடையப் பாத்துக்க ஆளில்ல செல்வி."

"அதான் பூட்டு கீதே. இன்னும் இன்னாத்துக்கு நானு?" என்று சிரித்தாள். கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இப்போதுதான் வருகிறது.

ஆமாம் செல்வி, கடைக்கு நீ வேண்டாம்தான்.