சுருக்கெழுத்துக்காரியின் தம்பி

12 நவம்பர் 1927, லெனின்கிராத்

இன்று ஆலையின் கட்சிக் கூட்டம். சுருக்கெழுத்து நான்தான், விரல் வீங்கிவிட்டது. நாட்டையே ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர் பெயரைச் சொன்னாலே எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். இந்தப் பழக்கம் எப்போது வந்தது? ஐந்து வருஷத்துக்கு முன்பு, அவரைக் கோப்பு அடுக்குகிற ஆள் என்று சொல்லிச் சிரித்தோமே!

நடுவில் என் தம்பி வெனியமின் எழுந்து கத்தினான்: "லெனின் கடைசியா எழுதின கடிதத்தைப் படிங்க தோழர்களே! இந்த ஆளைப் பொதுச் செயலாளர் பதவியிலேர்ந்து தூக்கச் சொன்னாரா இல்லையா?"

இப்படிப்பட்ட கூச்சலை '(சலசலப்பு)' என்று போட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். வெளியே வந்ததும் கேட்டான், "என் பேரோட எழுதினியாக்கா?" எழுதினேன், ஒரு சொல் விடாமல். பெருமையாகத்தான் இருந்தது.

3 பிப்ரவரி 1930

பொதுச் செயலாளரை எதிர்த்த அணியில் இருந்தது தப்பு என்று வெனியமின் கட்சிக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டான். அந்த அணியில் இருந்த எல்லோரும்தான் கொடுத்தார்கள். இப்போது வாயைத் திறப்பதே இல்லை.

28 டிசம்பர் 1934

நகரத்தின் கட்சித் தலைவரைச் சுட்டுக் கொன்றதிலிருந்து ஆலையில் தினம் ஒருவர் காணாமல் போகிறார். தம்பி பெயர் இன்னும் வரவில்லை. இன்னும்.

17 ஆகஸ்ட் 1937

அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு நாள். எதிரணியில் பேருக்குத்தான் இருந்தேன், பொதுச் செயலாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று சாதிக்கிறானாம்.

ஆலையின் கட்சிக் கிளைக்குப் புதிதாக வந்த செயலாளர் துர்னோவ் கூப்பிட்டார். மேஜையில் என்னுடைய பழைய சுருக்கெழுத்து நோட்டு, 1927 கூட்டத்தினுடையது. தட்டச்சுப் பிரதியை எலி தின்றுவிட்டதாம். சுருக்கெழுத்துக்கு நடுவே பெயரை மட்டும் முழு எழுத்தில் எழுதுவேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "உங்க தம்பி என்னமோ சொல்லியிருக்காரே, படிங்க" என்றார்.

'சலசலப்பு' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் ஏற்கெனவே யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பயம். படித்துவிட்டேன், முழுசாக.

"ரொம்ப நன்றி தோழர். மூணு சுருக்கெழுத்துக்காரங்ககிட்ட காட்டினோம், உங்க கிறுக்கல் ஒருத்தருக்கும் புரியல" என்று சிரித்தார்.

ஐயோ. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லையாமே! நானே வாயைத் திறந்து, நானே, என் தம்பியை—

2 அக்டோபர் 1937

தம்பிக்குக் கொண்டுபோன பொட்டலத்தைச் சிறை ஜன்னலில் திருப்பித் தள்ளினார்கள். "பத்து வருஷம். கடிதம் எழுத உரிமை கிடையாது. அடுத்த ஆளு!"

தம்பி மனைவி ரிம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "படிக்க முடியலன்னு சொன்னா உங்களுக்கு என்ன கேடு வந்துடும்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மக்கள் விரோதியின் அக்கா என்று என்னையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் காட்டிய விசுவாசத்துக்குப் பரிசு.

21 மார்ச் 1938, யாரோஸ்லாவ்ல்

புது ஊர், புது ஆலை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இன்று வேலைக்குப் படிவம் நிரப்பினேன். உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன்.

முழு எழுத்தில், யாரும் படிக்கும்படி.