ஏலத்தில் எடுத்த பூசணிக்காய்

நவம்பர் 6, புதன்
என் வீட்டுக்காரருக்குக் கடையில் அரைச் சம்பளம் தொடங்கி இது மூன்றாவது மாதம். வாடகை போக மூவாயிரத்து இருநூறு மிச்சம். மகள் ரீபாவின் நர்சிங் கல்லூரிப் பணம் பன்னிரண்டாயிரம் தனிக் கவரில் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இன்று அவர் வெளியே இரண்டு டீ குடித்ததற்குச் சண்டை போட்டேன். "ஒரு டீக்கு இம்புட்டுப் பேச்சாட்டி?" என்றார். ஆமாம், இம்புட்டுதான்.

நவம்பர் 8, வெள்ளி
பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டர். சட்னிக்குத் தேங்காய் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு
எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, அறுப்பின் விழா. காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டார்கள். அவருடைய அக்கா சாரம்மாள் மதினி திசையன்விளையிலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். "ஏன் பெர்சிஸ், இந்த வருசம் கையவே தூக்கல? தம்பிக்கு எதும் பணமுடையா?"

அவ்வளவுதான். ஒரு பூசணிக்காய்க்குக் கையைத் தூக்கிவிட்டேன். மதினியும் விடவில்லை, ஏற்றிக்கொண்டே போனார். மதினி இரண்டாயிரம் என்றார். நான் இரண்டாயிரத்து நூறு! எல்லாரும் கைதட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் அன்று கடைக்குப் போயிருந்தார். இரவு வந்ததும் காயைப் பார்த்து விலை கேட்டார். நாற்பது ரூபாய் என்றேன்.

நவம்பர் 13, புதன்
ஏலப் பணத்தை ஞாயிறுக்குள் கட்டாவிட்டால் ஆராதனையில் பாக்கிக்காரர் என்று பெயரை வாசிப்பார்கள். ரீபாவின் கவரைத் திறந்தேன். மூடினேன்.

நவம்பர் 16, சனி
சபைப் பொருளாளர் தேவசிகாமணி அண்ணாச்சியிடம் தவணை கேட்டேன். "மாசம் இருநூறு குடும்மா. ஆனா பேர வாசிக்காம இருக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே முறைதான்" என்றார். நாளை என் வீட்டுக்காரருக்கு லீவு, கோவில் ஆராதனைக்கு வருவார், அவர் காதிலும் விழும். கவரிலிருந்து எடுத்துக் கட்டினால் யாருக்கும் தெரியாது. பரீட்சை எழுத முடியாமல் போகும் ரீபாவுக்கு மட்டும் தெரியும். வேண்டாம், வாசிக்கட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு
வாசித்தார்கள். தலையை நிமிர்த்தவே முடியவில்லை. வீட்டு வாசலில் அவர், "எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நவம்பர் 20, புதன்
கல்லூரிப் பணம் முழுதாகக் கட்டியாயிற்று.

மாலையில் மதினி போன் செய்தார். "பேர வாசிச்சாங்களாமே?" மழுப்பத்தான் வாயெடுத்தேன். அலுத்துவிட்டது. "மூணு மாசமா அரைச் சம்பளம் மதினி. கையில காசு இல்ல" என்றேன்.

மதினி சொன்னார்: "எங்க கடைய மூடி அஞ்சு மாசம் ஆவுது பெர்சிஸ். யாருக்கும் தெரியாது. ரெண்டாயிரம்னு வாய் தவறிச் சொல்லிட்டு, ஆண்டவரே, இவ ஏத்திக் கேக்கணுமேன்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன். நீ நூறு கூட்டுன பொறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

மதினி அழுதார். நானும்தான். அரிசி எங்கே மலிவாக வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.