ஃபோர்மனின் பழைய துவக்கு

கோலியர்ஸ் வுட்
12.09.1993

அன்பு மகன் அருள்நேசனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மடு மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி எமில்டாவும் இங்கே சுகமாய் இருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன், உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த மன்றாட்டு இன்னும் கொஞ்சம் நீண்டு போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்து படி ஏறும்போது முனகுகிறார். எமில்டா கொலிஜில் இரண்டாம் வருஷம் தொடங்கிவிட்டாள், தலைமயிரைக் கட்டையாய் வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், நீ ஒன்றும் சொல்லாதே, நான் சொன்னதே போதும். எங்கள் அகதிக் கேஸுக்கு ஹோம் ஆபீஸில் இருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் வேலையிடத்து ஃபோர்மனோடு காட்டுத் தாரா சுடப் போகிறாய் என்றும், அவர் தன்னுடைய பழைய துவக்கை உனக்குச் சும்மா தருகிறார் என்றும், அதை எடுப்பதா கடையில் புதிது வாங்குவதா என்று யோசிக்கிறாய் என்றும் ஏதோ காலுக்குச் சப்பாத்து வாங்குகிற மாதிரி எழுதியிருக்கிறாய். உன் கையில் துவக்கு வந்துவிடக் கூடாது என்றுதானே மகன், மீசை அரும்புகிற வயதில் எங்கட கோயில் பாதரின் காலைப் பிடித்து அந்தக் குளிர் தேசத்துக் கல்லூரிக்கு உன்னை அனுப்பினோம். உன்னோடு படித்து இயக்கத்துக்குப் போன பெடியளைப் பற்றி நான் எழுதவில்லை, உனக்கே தெரியும். போகவே கூடாது என்று ஒரு கடிதம் எழுதி உறையும் ஒட்டிவிட்டேன், அப்பாதான் தபாலில் போட விடவில்லை. அந்த ஊரில இவ்வளவு காலமாய் அவனை ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் கூப்பிடேல்லை, இப்பதான் ஒரு மனிசன் வா எண்டிருக்கிறார், அதையும் மறிக்கப் போறீரோ என்று கேட்டார். நத்தார்ப் பெருநாளுக்கு அறையில் தனிய இருந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டேன் என்று நீ எழுதியது இன்னும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

ஆனபடியால் மறிக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் ஏலவில்லை, எமில்டாவை இழுத்துக்கொண்டு ரெயில் ஏறி ஒரு துவக்குக் கடைக்கே போய்விட்டேன். அவள் வழி முழுக்க, அம்மா உங்களுக்கு விசரே, கேஸ் முடியாத தமிழ்ச் சனம் துவக்குக் கடைக்குள்ள போய் நிண்டால் என்ன நினைப்பாங்கள் என்று புறுபுறுத்துக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவற்றை வரிசையாய் நிறுத்தி வைத்திருந்ததைக் கண்டவுடனே, ஊரில் ஆமிச் சென்றியில் சோதனைக்கு நிற்கிறேன் என்று நினைத்து என் கை தானாக அடையாள அட்டையைத் தேடிக் கைப்பைக்குள் போய்விட்டது. நல்லகாலம், கடைக்காரர் பொறுமையான மனிதர், மகனுக்கு என்றதும் இருக்கக் கதிரை தந்தார்.

அவர் முதலில் கேட்டது அங்கே தோட்டாவுக்குள் என்ன சன்னக் குண்டு போட்டுச் சுடுகிறார்கள் என்று. பறவைகள் ஈயத்தைத் தின்று சாகின்றன என்று ஈயச் சன்னத்தைத் தடுத்துவிட்டார்கள், இப்போது உருக்குச் சன்னம்தான் என்று நீ எழுதியிருந்ததை எமில்டா சொன்னாள். அவர் முகம் மாறிப்போனது. குழலின் வாய் உட்பக்கம் கொஞ்சம் ஒடுங்கி இருக்குமாம், அதற்குத்தான் சோக் என்று பெயர், ஹோஸ் பைப்பின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் தூரம் போகிறது அல்லவா, அப்படி ஒடுக்கம் கூடக்கூடச் சன்னமும் சிதறாமல் தூரம் போகும். பழைய தாராத் துவக்குகள் அநேகமாய் ஆக இறுக்கமான ஃபுல் சோக்காம். ஈயம் மெதுவானது, நசிந்து கொடுத்து வெளியே போய்விடும், உருக்கு நசியாது, பழைய குழலை வீங்கப் பண்ணும், பிளந்தாலும் பிளக்கும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது பாதி எனக்குக் கேட்கவில்லை, அந்தக் குழலைத் தாங்கிப் பிடிக்கப் போவது உன் இடது கை, அதற்குக் கிட்ட உன் முகம் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. மிச்சத்தை எமில்டாதான் கேட்டுச் சொன்னாள். ஃபோர்மன் கெட்ட எண்ணத்தில் தருகிறார் என்று நான் சொல்லவில்லை, அந்த மனிதர் அதில் ஈயம்தான் சுட்டிருப்பார்.

ஆகவே மகன், பழையது வேண்டாம். உருக்குச் சன்னத்துக்கென்று செய்த புதிதை எடு, சோக்கைத் திருகிக் கழற்றிப் பூட்டக்கூடியதாய்ப் பார்த்து எடு. தண்ணீரில் மிதக்கவிட்ட பொம்மைத் தாராவைக் கண்டு கிட்ட இறங்குகிற பறவைக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்கிற தளர்வான சோக் போதும், கொஞ்சம் தூரமென்றால் அதைவிட இறுக்கமான மொடிஃபைட், உருக்கு இயல்பாகவே சிதறாமல் போவதால் அதற்கு மேல் இறுக்கத் தேவையில்லையாம். சோக் பூட்டாமல் ஒருநாளும் சுடாதே, தோட்டா உள்ளே இருக்கும்போது அதைத் திருகாதே, சேற்றில் குழல் முட்டினால் சுத்தம் பண்ணாமல் சுடாதே. வேண்டாம் என்றால் ஃபோர்மனுக்கு மனம் நோகும், இனிக் கூப்பிட மாட்டார் என்று பயப்படாதே, என்ர அம்மாவுக்கு விசர், விடமாட்டா என்று சொல்லு. பழியை என் மேல் போடு, அந்த ஊரில் என்னை ஆருக்குத் தெரியும்.

விடியற்காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே, வள்ளத்தில் ஏறினால் மிதவைச் சட்டை போடு, சுட்ட தாராவைச் சமைத்தால் சன்னம் கடிபடும், பல் கவனம். அப்பா உனக்குத் தன் ஆசீரைச் சொல்லச் சொன்னார். மாதா உன் கூடவே வந்து, கூடவே கரையேற்றிவிடுவாள்.

மறக்காமல் இன்னொன்று. வேட்டைக்குப் போகிறவர்கள் துவக்கோடு நின்று படம் எடுப்பார்களாம், எமில்டா சொன்னாள். நீ துவக்கை ஃபோர்மனின் கையில் கொடுத்துவிட்டுத் தாராவை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில் ராசா. எங்கட ஊரில் பிள்ளை துவக்கோடு நிற்கிற படம் எப்போது மாலையோடு சுவரில் ஏறும் என்று உனக்குத் தெரியும். உன் படத்தை நான் டிவிக்கு மேலே வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பெர்னடெற்