கோடையில் ஒரு பனிக்காலக் கதை

13 யூன் 1994, திங்கள். பான், ஜேர்மனி.
காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. பால், மிளகாய்த்தூள் வாங்க வேண்டும்.

புதன்கிழமை பேராசிரியரின் விரிவுரை. கனடாவிலிருந்து மார்த்தா வருகிறார், ஒஜிப்வே பழங்குடி ஆசிரியை. எங்கள் மொழியியல் துறையிலுள்ள பழைய ஒஜிப்வே ஒலிநாடாக்களின் பிரதிகள் அவருடைய பள்ளிக்கு வேண்டும். அங்கே பிள்ளைகள் தங்கள் மொழியை மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பேரா. ஒரு நாடாவைப் போட்டுக் காட்டப் போகிறாராம். எடுத்து வைத்திருப்பது பனிக்காலக் கதை. நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டுமே அவர்கள் சொல்வது, கேட்பது. ஒஜிப்வேயும் சேர்ந்த அல்கோன்கியன் மொழிகளுக்கு இலக்கணம் எழுதிய பேரா.வுக்கு இது தெரியாது. அந்த நூலில் வினைச்சொல் அத்தியாயம் முழுக்க நான் எழுதியது. முன்னுரையில் எனக்கு நன்றி இல்லை. அவருடைய நாய்க்கு உண்டு.

அவரிடம் சொல்லமாட்டேன்.

15, புதன். புழுக்கம்.
மண்டபம் நிறைந்த கூட்டம். நாடாவில் கிழவர் பேசத் தொடங்கியதும் மார்த்தா எழுந்து போய்க் கருவியை நிறுத்தினார்.

"இது கோடை. இந்தக் கதையை இப்போது கேட்கக் கூடாது. இத்தனை காலம் எங்களைப் படித்தீர்களே, இதை யாரும் சொல்லவில்லையா?"

பேரா.வின் கழுத்துவரை சிவப்பு. அருமையான மாலை.

வீட்டில் மனைவி: "இஞ்சாருங்கோ, உங்களுக்கு முதலே தெரியுமெல்லோ?"
"ஓம்."
"அந்தக் கனடா மனிசியும் எல்லோ இருந்து கேட்டது. அவ உங்களுக்கு என்ன செய்தவ?"
குழம்பில் உப்பு அதிகம்.

16, வியாழன்.
பேரா. பிரதி கொடுக்க மறுத்துவிட்டார். "அன்ட்ராக் (விண்ணப்பம்) எழுதிப் போடட்டும், ஆறுதலாகப் பார்ப்போம்." என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மேடையில் பட்ட அவமானத்துக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி.

நடைபாதையில் மார்த்தா. நாளை ரயிலில் புறப்படுகிறார். "அந்த நாடாக்களில் பேசுபவர்கள் எங்கள் ஊர்க்காரர். அப்படிப் பேச இப்போது ஆளில்லை."

நாய்க்கு நன்றி. நாய்க்கு.

17, வெள்ளி. நல்ல வெயில்.
பேரா. மதியம் பல் வைத்தியரிடம். அலமாரிச் சாவி என்னிடம். பிரதி எடுக்க நேரமில்லை, விருப்பமும் இல்லை. மூல நாடாக்களையே பெட்டிகளிலிருந்து எடுத்து அரிசிப் பையில் நிரப்பி ரயில் நிலையத்துக்குத் தூக்கிப் போனேன்.

மார்த்தா பைக்குள் எட்டிப் பார்த்தார்.
"பிரதிகளா?"
"இல்லை."
"உங்கள் வேலை போகும்."
"போகட்டும். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போடவேண்டாம்."

திரும்பி வந்து, காலிப் பெட்டிகளை அலமாரியில் எண் வரிசை பிசகாமல் அடுக்கினேன். திங்கட்கிழமை பேரா. மாணவர்களுக்கு நாடா போட்டுக் காட்டுகிறாராம். நேரத்தோடு போய் உட்கார வேண்டும்.